நெலவு பலமா இருந்தாத்தானுங்க கதவு

பட்டணத்துல இருக்கற கூட்டாளிங்க தோட்டத்துக்கு வந்தா தவறாம ஒரு கேள்வி கேப்பாங்க. "உங்க ஊர்ல எல்லாம் வீட்டைப் பூட்டவே மாட்டீங்களாமே, நெசமா?" பத்துப் பதினஞ்சு வருசம் முன்ன வரைக்கும் நெசந்தானுங்க. கல்யாணம் காட்சின்னு குடும்பத்தோட போனா மட்டும் ஒரு பூட்டு. மத்த நாள்ல கதவை ஒருக்களிச்சு வெச்சா அதுவே பூட்டுன மாதிரி. கோழி உள்ள போகக் கூடாதுங்கறதுதான் அதுக்குக் காரணம், திருடன் இல்ல.

இப்ப அப்படி இல்லீங்க. இந்தச் சித்திரை மாசம், காட்டுல வேலை கம்மியா இருந்த மூணு வாரத்தை நான் முழுசா கதவுக்கே செலவழிச்சேன். ஆசாரி, கொத்தனார், வெல்டிங் பட்டறைக்காரர்னு மூணு பேர் மாத்தி மாத்தி வந்தாங்க. அதுல நான் கத்துக்கிட்டதும், வீட்டுக்குள்ள நடந்த பஞ்சாயத்தும்தான் இந்தக் கதை. ஊர்ல அப்பா அம்மாவை விட்டுட்டுப் பட்டணத்துல இருக்கறவங்க கொஞ்சம் பொறுமையாப் படிங்க. உங்களுக்குத்தான் இது அதிகமா வேணும்.

முதல்ல எங்க வீடு எங்க இருக்குன்னு சொல்லிடறேன். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவுல, மேட்டாங்காடு. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி தெரு தெருவா வீடு இருக்கற ஊர் இல்ல எங்களுது. அவங்கவங்க பூமியில, கிணத்துக்குப் பக்கத்துல அவங்கவங்க வீடு. தண்ணி கட்டோணும், மாட்டைப் பாக்கோணும், பட்டியில ஆடு இருக்குது. அதனால நிலத்துலயே குடியிருந்து பழகுன சனம். சுத்தியும் கொறங்காடு, கிளுவை வேலி, இட்டேரி. எங்க பங்காளி வீடு எங்க வாசல்ல இருந்து பாத்தாத் தெரியும். ஆனா கூப்புட்டாக் கேக்காது. காத்து அந்தப் பக்கமா அடிச்சாக் கேக்கலாம்.

அந்தத் தனிமைதான் எங்களுக்குச் சொகமா இருந்துச்சு. 2024 நவம்பர்ல பல்லடத்துக்குப் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னாங்க. அடுத்த 2025 கோடையில சிவகிரிப் பக்கம் தோட்டத்துல தனியா இருந்த வயசான புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரைக் கொன்னுட்டு நகையை எடுத்துட்டுப் போனாங்க. செய்தியில படிச்சிருப்பீங்க. உங்களுக்கு அது செய்தி. எங்களுக்கு அது எங்க வீடு மாதிரியே இருந்த இன்னொரு வீடு. அதே கிணறு, அதே கட்டுத்தரை, அதே மாதிரி வாசல்ல கயித்துக்கட்டில்ல படுத்திருந்த பெரியவங்க.

எங்க நெலமையும் அதேதானுங்க. பசங்க படிப்புக்குக் காங்கேயத்துல வாடகை வீடு எடுத்திருக்கோம். வாரத்துல நாலு ராத்திரி நான் அங்க இருப்பேன், வெடியால அஞ்சு மணிக்குப் பால் பீச்ச தோட்டத்துக்கு வந்துருவேன். அந்த நாலு ராத்திரியும் தோட்டத்துல அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 71.

கதவைப் பாக்கறதுக்கு ஆசாரியைக் கூட்டிட்டு வந்தேன். எங்க வீட்டுக்கு ரெண்டு தலைமுறையா கலப்பை, மாட்டு வண்டின்னு செஞ்சு குடுத்த குடும்பம். இப்ப அவரும் அலமாரி, கட்டில்னு மாறிட்டாரு. வந்தவரு கதவைத் தட்டிப் பாக்கல, பூட்டையும் பாக்கல. உள்ள தாழ் போடச் சொல்லிட்டு, வெளிய நின்னு தாழ்ப்பாள் இருக்கற ஒசரத்துல உள்ளங்கையை வெச்சு ஒரு அமுக்கு அமுக்குனாரு. கதவுக்கும் நெலவுக்கும் நடுவுல ஒரு விரல் சந்து தெரிஞ்சுது.

"கதவு நல்ல தேக்குங்க தம்பி. எம்பட ஆயுசுக்கும் இதுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா இது எதைப் புடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு, தாழ்ப்பாள் போய் மாட்டற நாதாங்கியைக் கழட்டிக் காட்டுனாரு. நாலு திருகாணி. ஒவ்வொண்ணும் முக்கால் இஞ்சு. அதுல ரெண்டு துருப்புடிச்சுத் தலை மட்டுந்தான் மிச்சம். அறுபதாயிரம் ரூவா கதவை ராத்திரியெல்லாம் காவல் காத்தது அந்த மிச்ச ரெண்டு திருகாணிதான்.

நெலவுன்னா வாசக்கால். கொங்குப் பக்கம் நெலவும்போம். எங்க ஆளுங்க நெலவு வெக்கறதுக்கு நல்ல நாள் பாத்து, மஞ்சத்துணி கட்டி, நவதானியம் போட்டுப் பூசை பண்ணுவாங்க. அதுக்கப்பறம் அதை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஆசாரி சொன்னது இதுதான்: "ஒதைச்சா கதவு ஒடையாதுங்க. நெலவுதான் பொளந்து விட்டுக்குடுக்கும். நெலவு நின்னாலும் அதைச் செவுத்தோட புடிச்சிருக்கற பட்டை விட்டுரும். எது சின்னதோ அதுதான் முதல்ல போகும்."

அவர் சொன்னது மனசுல ஏறுனதுக்கு இன்னொரு காரணம் இருக்குது. எங்க அப்பாரு கட்டுன பழைய சாளை இன்னும் வீட்டுக்குப் பொறகால நிக்குது. இப்ப அதுல தேங்கா, உர மூட்டை, பழைய கவலைச் சாமான்னு போட்டு வெச்சிருக்கோம். அதோட கதவைப் போய்ப் பாத்தோம். கீலே கிடையாது. கதவோட ஒரு ஓரத்துல மேலயும் கீழயும் குடுமி செதுக்கி, கீழ்க்குடுமி கல்லுல தோண்டுன குழியில உக்காந்து சுத்தும். திருகாணின்னு ஒண்ணு கூட இல்ல. உள்பக்கம் செவுத்துல ரெண்டு பொந்து. ஒரு பொந்துக்குள்ள ஆள் கை மொத்தத்துக்கு ஒரு வேலமரக் கட்டை பதுங்கியிருக்கும். ராத்திரியானா அதை இழுத்துக் கதவுக்குக் குறுக்கால விட்டு எதிர்ப் பொந்துல சொருகிட்டா முடிஞ்சுது. வெளிய இருந்து எவ்வளவு பலமாத் தள்ளுனாலும் அந்தப் பலம் கதவுல நிக்காது, ரெண்டடி மண் செவுத்துக்குப் போயிரும். பழைய தமிழ்ல கோட்டைக் கதவுக்குப் போடற இந்தக் கட்டைக்குக் கணையம்னு பேரு. கோட்டைக்காரன் யோசனையும் குடியானவன் யோசனையும் ஒண்ணுதான்.

அந்தக் கதவு ஒசரமும் கம்மி. குனிஞ்சுதான் உள்ள போகோணும். குனிஞ்சு வரவன் கையை ஓங்க முடியாதுன்னு அப்பாரு சொல்லுவாராம்.

இதுல எனக்குப் புடிச்ச ஒரு விசயம். திருட்டுக்குப் போலீஸ்காரங்க இன்னைக்கும் எழுதற வார்த்தை 'கன்னக்களவு'. கன்னம் வெக்கறதுன்னா செவுத்துல ஓட்டை போடறது. அந்தக் காலத்துத் திருடன் கன்னக்கோலை வெச்சு மண் செவுத்தைக் குடைஞ்சு உள்ள வந்தான். வாசல்ல கதவு இருக்கும்போது எதுக்குச் செவுத்தைக் குடையோணும்? கதவு அவ்வளவு பலமா இருந்துச்சுங்க. இன்னைக்குச் செவுரு செங்கல்லும் சிமிட்டியும். அதனால திருடன் கதவுக்கு வந்துட்டான். நாம கதவை அழகாக்குனோம், யானையும் அன்னமும் கடைஞ்சு வெச்சோம். பிடிமானத்தை முக்கால் இஞ்சுத் திருகாணிக்கு விட்டுட்டோம்.

சரி, வேலைக்கு வருவோம். செஞ்சதை வரிசையாச் சொல்றேன்.

முதல் வேலை நெலவு. எங்களுது 1996ல கட்டுன வீடு. நெலவை நெட்டுக்குத்தா நிக்க வெச்சு ஒரு பக்கத்துக்கு ரெண்டு இரும்புப் பட்டை மட்டும் குடுத்திருந்தாங்க. ரெண்டு பக்கமும் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு பக்கத்துக்கு மூணு பட்டை புதுசா வெச்சு, கான்கிரீட் போட்டு அடைச்சாங்க. நீளமான ஆங்கர் போல்ட் ஓட்டி நெலவைச் செவுத்தோட சேத்து முறுக்கறதுண்டு. கான்கிரீட்லயும் நல்ல செங்கல்லயும் அது நிக்கும். பழைய செவுரா இருந்தா உள்ள விரியும்போது செங்கல்லே விரிசல் உட்டுக்கும்னு கொத்தனார் வேண்டாம்னுட்டாரு. வீட்டுக்கு வீடு பாத்துத்தான் முடிவு பண்ணோணும்.

ரெண்டாவது, திருகாணி. கீலுக்கும் நாதாங்கிக்கும் இருந்த சின்னத் திருகாணி எல்லாத்தையும் கழட்டிட்டு மூணு இஞ்சுத் திருகாணி. முழு வேலையிலயே விலை கம்மியானது இதுதான், பலன் அதிகமானதும் இதுதான். அரை நாள் வேலை, முன்னூறு ரூவாய்க்குள்ள சாமான். தாழ்ப்பாளுக்குத் திருகாணியே வேண்டாம்னு சொல்லி, கதவை முழுசாத் தொளைச்சு நட்டு போல்ட் போட்டாரு. போல்ட்டோட மொழுக்குத் தலை வெளிப்பக்கம், நட்டு உள்பக்கம். வெளிய இருந்து திருப்புளி வெச்சுத் திருப்ப எதுவும் இருக்காது.

மூணாவது, குறுக்குக் கட்டை. அப்பாரு கட்டையையே முன்கதவுக்குப் போடலாம்னு எனக்கு ஆசை. அம்மாவால தூக்க முடியல. அதனால வெல்டிங் பட்டறையில சதுரக் குழாய்ல ஒண்ணு செஞ்சோம். செவுத்துல ரெண்டு பக்கமும் இரும்புக் கொக்கி, ஒரு முனை போல்ட்டுல கோத்திருக்கும், மறு முனையைத் தூக்கிக் கொக்கியில போட்டா ஆச்சு. வேண்டாதப்ப செவுத்தோரமா நட்டமா நிக்கும். ஒரே கையில அம்மா போடறாங்க. ஒசரம் இடுப்பளவு. கீழ்த்தாழ்ப்பாள்னு ஒண்ணு எல்லாக் கதவுலயும் இருக்கும், வயசானவங்க குனிஞ்சு போட மாட்டாங்க. முழங்கால் வலிக்காரங்களுக்குக் கீழ்த்தாழ் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்.

நாலாவது, பொறக்கதவு. முன்கதவுக்கு எல்லாரும் காசைக் கொட்டுவாங்க. பொடக்காணிப் பக்கம் போய்ப் பாத்தீங்கன்னா மாமரப் பலகையில ஒரு கதவு, இல்லாட்டித் தகரம், இல்லாட்டி பிளாஸ்டிக் கதவு. திருடன் முன்வாசல் வழியா வந்து மணி அடிக்கப் போறதில்ல. எங்க பொறக்கதவு வெளிப்பக்கமாத் தொறக்கறது. அதுல ரெண்டு வில்லங்கம். உள்பக்கம் தொறக்கற கதவுக்கு நெலவுல இருக்கற காடி சந்தை மறைச்சுக்கும், கடப்பாரை நுனி உள்ள போகாது. வெளிப்பக்கம் தொறக்கறதுல சந்து வெளியவே தெரியும். அதுக்கு மேல இரும்புப் பட்டை ஒண்ணை முழு நீளத்துக்கு வெச்சு மறைச்சோம். இன்னொண்ணு, கீல் வெளிய இருக்குது. கீல்ல இருக்கற கம்பியை ஆணி வெச்சுத் தட்டுனா மேல வந்துரும், பூட்டைத் தொடாமயே கதவைக் கழட்டி ஓரமா வெச்சுரலாம். இதுக்கு ஆசாரி ஒரு சின்ன உபாயம் பண்ணுனாரு. கீல் பக்கத்து விளிம்புல மூணு எடத்துல மொத்த ஆணி அடிச்சுத் தலையை வெட்டிட்டு, அது நேரா நெலவுல ஓட்டை போட்டாரு. கதவைச் சாத்துனா ஆணி ஓட்டைக்குள்ள போயிரும். கீல் கம்பியை உருவுனாலும் கதவு நகராது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

அஞ்சாவது, பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சுது. எங்க வீட்டுல அப்பாரு வாங்குன மாங்காய்ப் பூட்டு ஒண்ணு இன்னும் வேலை செய்யுது, கையில எடுத்தா அரைக்கிலோ இருக்கும். ஆனா நல்ல பூட்டு வாங்கித் தகடு மாதிரி ஒரு கொண்டியில மாட்டுனா என்ன பிரயோசனம்? பூட்டை யாரும் ஒடைக்கறதில்ல, கொண்டியை நெம்பறாங்க. அதோட வெளிய தொங்கற பூட்டு தடத்துல போறவனுக்கு ஒரு சேதி சொல்லுது: வீட்டுல ஆள் இல்ல. அதனால முன்கதவுக்குக் கதவுக்குள்ளயே பதிஞ்ச பூட்டு. வெளிய இருந்து பாத்தா உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாது. கதவுக்கு ரெண்டடிக்குள்ள ஜன்னல் இருந்தா அதையும் பாத்துக்கோங்க. கம்பிக்கு நடுவுல கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கலாம். எங்க ஜன்னல்ல அந்தப் பக்கம் மட்டும் வலை அடிச்சோம்.

முன்னால திண்ணைக்கு வெச்ச கிரில் நீங்கலா இது எல்லாத்துக்கும் கூலியோட 11,000 ரூவா ஆச்சு. ஒரு நல்ல செல்போன் விலை கூட இல்லீங்க.

இனி பஞ்சாயத்துக்கு வரேன். அந்தக் கிரில்தான் பஞ்சாயத்து.

அப்பா வெயில் காலமோ மழைக் காலமோ வாசல்லதான் படுப்பாரு. கயித்துக்கட்டில், தலைமாட்டுல டார்ச், ஒரு சொம்புத் தண்ணி. மாடு கனைச்சாக் கேக்கோணும், நரி வந்தா நாய் கொலைக்கறது தெரியோணும். அறுபது வருசப் பழக்கம். திண்ணையைச் சுத்திக் கிரில் போட்டு, உள்ள கட்டிலைப் போடுங்கன்னு சொன்னதும் கோவம் வந்துருச்சு.

"ஏண்டா, இத்தன வருசமா எவன் வந்தான்? இப்ப எவன் வரப் போறான்?"

"வந்துரக் கூடாதுன்னுதானுங்கப்பா."

"எங்கப்பன் இருந்தப்ப நடுச்சாமத்துல தடத்துல போறவன் குரல் குடுத்தாலும் எந்திரிச்சு ஒரு வட்டல் கஞ்சி ஊத்துவாங்க. நீ என்னடான்னா கம்பியைப் போட்டு, என்னைய ஆட்டை அடைக்கற மாதிரி அடைக்கற."

எனக்குப் பதில் வரல. அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லீங்களே. வீட்டைக் கட்டுனவரு, காட்டைத் திருத்துனவரு, ராத்திரி இருட்டுல பயமில்லாம நடந்தவரு. அவரைப் போய்க் கம்பிக்கு உள்ள படுன்னு சொன்னா, அது அவருக்கு வயசாயிருச்சுன்னு சொல்றது மாதிரி. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. வெல்டிங்காரரு அளவெடுக்க வந்தப்ப எந்திரிச்சுக் கொறங்காட்டுக்குப் போயிட்டாரு.

அம்மாதான் முடிச்சு வெச்சாங்க. "நீங்க வாசல்ல படுத்துக்கோங்க, நானு உள்ள தனியாப் படுக்க மாட்டேன். நானும் வாசல்லயே கட்டலைப் போட்டுக்கறேன்"னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அடுத்த நாள் காத்தால அப்பாவே வெல்டிங்காரருகிட்ட நின்னு, "கம்பி கிட்ட கிட்ட வேண்டாம், காத்து வரோணும். கட்டுத்தரை எனக்குப் படுத்த வாக்குல தெரியோணும்"னு அளவு சொன்னாரு. கிரில் கதவோட தொறப்புக்குச்சியும் அவர் இடுப்புலதான் இருக்குது. அதுல மட்டும் நான் கை வெக்கறதில்ல.

கதவை விட முக்கியமான ஒண்ணும் இதுலதான் புரிஞ்சுது. தோட்டத்து வீட்டுல கதவை ஒடைச்சுத்தான் உள்ள வரோணும்னு இல்லீங்க. உள்ள இருக்கறவங்களையே வெளிய வர வெச்சுட்டாப் போதும். கோழி கத்துனா, தண்ணித் தொட்டிக் குழாய் ஓடற சத்தம் கேட்டா, கரண்ட் மட்டும் போச்சுன்னா, குடியானவன் என்ன பண்ணுவான்? டார்ச்சை எடுத்துட்டுக் கதவைத் தொறந்துட்டு வெளிய போவான். அப்பறம் எத்தனை இஞ்சுத் திருகாணி இருந்து என்ன?

அதனால நாங்க பண்ணுன ஏற்பாடு: வெளி விளக்கு அத்தனைக்கும் சுவிட்ச் படுக்கற எடத்துக்குப் பக்கத்துல. இன்வெர்ட்டர்ல ரெண்டு வெளி விளக்கு, கரண்ட் போனாலும் எரியும். சத்தம் கேட்டா முதல்ல விளக்கு, அப்பறம் ஜன்னல் வழியாப் பாக்கறது, அப்பறம் பங்காளிக்கு ஒரு போன். கதவு கடைசி. கக்கூசு முன்ன வெளிய கட்டுத்தரைப் பக்கம் இருந்துச்சு. அதை வீட்டோட சேத்துக் கட்டி உள்ள இருந்தே வழி வெச்சோம். வயசானவங்க ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் கதவைத் தொறந்தா அந்தக் கதவுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?

எனக்கும் இதே சிக்கல் உண்டு. மும்முனைக் கரண்ட் எங்களுக்கு முறை வெச்சுத்தான் வருது. பாதி நாள் ராத்திரி முறை. பிஏபி வாய்க்கால்ல தண்ணி விட்டாலும் நம்ம மடை வர்றது நடுச்சாமமா இருக்கும். நான் தோட்டத்துல இருக்கற நாள்லயும் மோட்டார் போட எந்திரிச்சுப் போனா, கதவு தொறந்து கெடக்கும். தூங்கறவங்களை எழுப்பித் தாழ் போடச் சொல்ல மனசு வராது. அதுக்குத்தான் சாத்துனதும் தானாப் பூட்டிக்கற பூட்டு. வெளிய சாவி வேணும், உள்ள இருந்து வெறும் கையில தொறக்கலாம். மோட்டாருக்கும் போன்ல இருந்தே போடற ஸ்டார்ட்டர் மாட்டிட்டேன். மடை திருப்பத்தான் இப்ப எந்திரிக்கறது.

உள்ள இருந்து வெறும் கையில தொறக்கலாம்னு சொன்னேன் பாருங்க, அதை விட்டுராதீங்க. பயத்துல உள்பக்கமும் பூட்டைப் போட்டுச் சாவியை எங்கயோ ஒளிச்சு வெக்கற வீடு நெறைய இருக்குது. கேஸ் கசிஞ்சா, ஒயர் தீப்புடிச்சா, வீட்டுக்குள்ள கண்ணாடி விரியன் வந்துட்டா, ஒரே இழுவையில வெளிய வரோணும். இருட்டுல, கண்ணாடி போடாம, கை நடுங்கறப்பவும் தொறக்கற மாதிரி இருக்கோணும்.

கதவு பலமாக பலமாக இன்னொரு கவலையும் வந்துச்சு. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மயக்கம் வந்து விழுந்துட்டா, ஒத்தாசைக்கு வரவங்க எப்படி உள்ள வருவாங்க? திருடனை நிறுத்தற கதவு பங்காளியையும் நிறுத்தும். அதனால பொறக்கதவுக்குக் குறுக்குக் கட்டை போடல. நல்ல பூட்டு மட்டும். அதோட ஒரு சாவி பங்காளி வீட்டுல. அவங்க சாவி ஒண்ணு எங்க வீட்டுல. வெடியால ஆறு மணிக்கு எங்க திண்ணை விளக்கு அணையலைன்னா அங்க இருந்து போன் வரும். போன் எடுக்கலைன்னா ஆள் வரும். செலவில்லாத ஏற்பாடு, கேமராவை விட எனக்கு இதுலதான் நம்பிக்கை. நாய் இருக்குது, ஆனா நாயை மட்டும் நம்ப முடியாது. கறியில எதையாவது வெச்சுப் போட்டா அதுக்கென்ன தெரியும்? அவசரத்துக்கு 100, 112 ரெண்டையும் அம்மா போன்ல ஒரே பொத்தான்ல வர மாதிரி பண்ணிக் குடுத்திருக்குது. குடும்பத்தோட வெளியூர் போனா ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறோம்.

நகையை பேங்க் லாக்கர்ல வெச்சாச்சு. ஆனா லாக்கர்ல இருக்கறது நமக்குத்தான் தெரியும், வர்றவனுக்குத் தெரியாதில்லீங்களா? அம்மா கழுத்துல தாலிக்கொடி மட்டும் இருக்குது. அதைக் கழட்டுங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல, சொன்னாலும் நடக்காது.

இவ்வளவு பண்ணுனதுக்கப்பறம் ராத்திரி நிம்மதியாத் தூங்கறோமான்னு கேட்டா, ஆமாங்க, முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்ல. ஆனா இன்னொரு பக்கமும் சொல்லியாகோணும். பதினஞ்சு வருசமா எங்க தோப்புல தேங்கா போடற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. வந்தா நேரா சமையக்கட்டு வாசலுக்குப் போய், "அம்மா, மோர் இருக்குதுங்களா?"ன்னு கேப்பாரு. கிரில் வந்ததுக்கப்பறம் போன தடவை வந்தவரு வெளியவே நின்னு, "ஏனுங், யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கூப்புட்டாரு. எங்க யாரையும் அவர் கொறை சொல்லல. கம்பியைப் பாத்ததும் தானா நின்னுட்டாரு. அம்மா ஓடிப்போய்க் கிரிலைத் தொறந்து, "என்றா அங்கயே நிக்கற, உள்ள வா"ன்னாங்க. வந்தாரு. ஆனா உக்காரல, நின்னுக்கிட்டே மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அந்தச் சம்பவங்களுக்கு அப்பறம் எங்க பக்கம் சந்தேகப்படாத ஆளே இல்லைன்னு ஆயிருச்சு. பழைய இரும்பு வாங்கறவரு, நெல்லு மில்லுல வேலை செய்யற வடநாட்டுப் பசங்க, ஆட்டு யாவாரி, யார் இட்டேரியில வந்தாலும் பத்துக் கண்ணு பாக்குது. வர்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது பேர் நம்மளை மாதிரி பொழப்புக்கு வர்றவங்க. ராத்திரிக்குக் கதவைப் பலப்படுத்தறது நியாயம். பகல்லயும் மனுசனை எட்டி நிறுத்திப் பழகிட்டா, அப்பறம் ஒரு ஆபத்துன்னா ஓடி வர எவன் இருப்பான்? அதனால எங்க வீட்டுல ஒரு சட்டம்: கோழி கூப்பிட்டதும் கிரில் தொறக்கோணும், பொழுது விழற வரைக்கும் தொறந்தே இருக்கோணும். அதை அப்பா கரெக்டாப் பாத்துக்கறாரு.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, சாப்புட்டு முடிச்சதும் பொறக்கதவைச் சாத்தி, தாழ் போட்டு, வெளிய நின்னு உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க. சந்து தெரியுதா? நாதாங்கித் திருகாணி ஒண்ணைக் கழட்டி எத்தனை இஞ்சுன்னு பாருங்க. கீல் உள்ள இருக்கா வெளிய இருக்கா? ராத்திரி கக்கூசுக்குக் கதவைத் தொறந்துட்டுப் போறாங்களா? வெளி விளக்குச் சுவிட்ச் எங்க இருக்குது? ஒரு சாவி பக்கத்து வீட்டுல இருக்குதா? பத்து நிமிசம் ஆகும். கேமரா மாட்டிப் போன்ல பாத்துக்கிட்டே இருக்கறதை விட இது உபயோகம். பெங்களூர்ல உக்காந்து போன்ல பாத்து என்னங்க பண்ண முடியும்?

அப்பா அம்மா வேண்டாம்பாங்க. "எவன் வரப் போறான்?"னு கேப்பாங்க. சண்டை போடாதீங்க. அவங்களையே அளவு சொல்லச் சொல்லுங்க, காத்து எந்தப் பக்கம் வரோணும், மாடு எங்க தெரியோணும்னு. சாவியை அவங்க கையில குடுங்க. ஸ்வீட் டப்பாவோட ஒரு பொட்டலம் மூணு இஞ்சுத் திருகாணியும் வாங்கிட்டுப் போங்க. டவுன் கடையில கெடைக்கும், எங்க ஊர்க் கடையில ரெண்டு இஞ்சுக்கு மேல வெச்சிருக்கறதில்ல.